எட்டாம் வசனம்

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். அப்பா, அண்ணன், நான், அம்மா என்று உட்கார்ந்த வரிசைப்படி நான்கு பேருக்கு நான்கு வசனம். ஒரே சுற்றுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னை அடுப்படியில் உட்கார வைத்து அன்றைய பகுதியை வாசிக்கச் சொல்வார். "எங்க, வாசி பாப்போம், எப்பிடி வாசிக்கிறன்னு." கடைசி வசனத்தை மட்டும் நான்கைந்து தரம் கேட்பார். "வெரசா ஓடாத புள்ள. நிறுத்தி வாசி." எனக்கு அது தினசரிப் பரீட்சை. கடைசி வசனத்தில்தான் ஏதோ தப்பு விடுகிறேன் என்று நொந்துகொள்வேன்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பத்து வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றியவர் அம்மா. இங்கே பூண்டு வயலில் கூலி வேலை. கோவிலில் எங்களவர்களுக்குக் கடைசி பெஞ்சுகள் என்பது யாரும் சொல்லாமலே வழக்கமாகியிருந்தது. அப்படியிருக்க, எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறன்று கோவிலில் வேதபாடம் வாசிக்க அம்மாவைக் கூப்பிடலாமா என்று போதகர் அப்பாவிடம் கேட்டார். புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருவதாகவும், அன்று நிருபத்தில் இன்ன அதிகாரம், ஐந்து முதல் எட்டு வசனம் வரை வாசிக்கலாம் என்றும் சொன்னார். அம்மா அன்றே கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஞாயிறுபள்ளியில் சீர்திருத்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. குருமார்களுக்கு மட்டுமே புரிந்த லத்தீன் வேதத்தை ஒரு ஜெர்மானியத் துறவி ஜனங்களின் பாஷையில் கொடுத்தார், அவர் வழியில் வந்தவர்கள் தரங்கம்பாடியில் இறங்கி அதைத் தமிழில் அச்சடித்தார்கள், ஆகவே கடவுளுக்கும் நமக்கும் நடுவில் இன்னொருவர் வாய் தேவையில்லை என்றார் சார். எல்லாவற்றுக்கும் மேலே, மீட்பு நம் சாமர்த்தியத்தால் வருவதல்ல, கிருபையால் வருவது என்றார். அதற்கு ஆதாரம் அந்த எட்டாம் வசனம். அதைப் பிழையில்லாமல் ஒப்பித்து வகுப்பில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். போதகர் முன்னால் அது எனக்கே வேண்டும் என்று தோன்றியது.

புதன்கிழமை அம்மா தேநீர்த் தட்டோடு வருவதற்குள் அவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா குனிந்து என் காதருகில், "அந்தப்பக்கம் நகரு புள்ள" என்றார். காது கேட்காதவள்போல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பா ஐந்தை வாசித்தார். அண்ணன் ஆறை வாசித்தான். என் இடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த ஒரே வசனத்தை, எட்டாம் வசனத்தை, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"ஐயா, அது என் வசனம்" என்றேன். "அம்மா ஏழாவதை விட்டுட்டாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் விரலைப் பிடித்து ஏழாம் வசனத்தின்மேல் வைத்தேன். "இங்க இருக்கும்மா, வாசிங்க."

அந்த விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். போதகர் அந்த விரலைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நீ வாசிம்மா" என்று என்னிடம் சொன்னார். ஏழையும் எட்டையும் நானே கணீரென்று வாசித்தேன். போதகர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். பெண்கள் ஞாயிறைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அன்று இரண்டு டம்ளரைத் துலக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபமெல்லாம், என் வசனத்தை முதலில் சொல்லிவிட்டாரே என்பதுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வழக்கம்போல் வேதத்தை விரித்து அடுப்படியில் உட்கார்ந்தேன். அம்மா திரும்பாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வேணாம் புள்ள. நீ நல்லாத்தான் வாசிக்கிற."

ஒருவழியாகப் பரீட்சையில் தேறிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விளையாட ஓடினேன்.