தொட்டால் ஒட்டாத மஞ்சள்

முதல் மழை நின்றதும் எங்கள் ஊர்ப் பாறையிலிருந்து பழைய அரிசிப் பானையைத் திறந்தது போன்ற ஒரு புழுக்க வாசனை வரும். உத்தனப்பள்ளிக்கு மேற்கே, ராகிக் கொல்லைகளைத் தாண்டி நின்ற அந்தப் பாறையின் ஒரு முகம் முழுக்க மஞ்சள் படர்ந்திருக்கும். வெயிலில் மங்கிக் கிடப்பது, மழை பட்டால் அப்போதுதான் அரைத்துப் பூசியதுபோல் துலங்கும். நாங்கள் "மஞ்சப்பாறை" என்போம். கன்னடம் பேசும் பக்கத்து வீட்டார் "அரிசின பண்டெ" என்பார்கள். மாரியம்மன் தானே பூசிக்கொண்ட மஞ்சள் என்பதில் இரண்டு வீட்டுக்கும் சந்தேகமில்லை. அதனால் மற்ற சாமிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசும் எங்கள் ஊர், இதற்கு மட்டும் பூசாது. கல்யாணப் பெண் மூன்று விரலால் தொட்டுக் கும்பிடுவாள். விரலில் நிறம் ஒட்டாது. "ஆத்தா பூசுனது, நாம சொரண்டக் கூடாது" என்பார் அப்பா.

நான் எட்டாவது படித்தபோது பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர் இது, பிரியாணிக்குப் போடும் கல்பாசிக்குப் பங்காளி, இந்த வகையை இந்தப் பக்கம் வேறெங்கும் பார்த்ததில்லை, நகத்தளவு படரவே பல வருடம் பிடிக்கும் என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருடமே பாறை நின்ற குன்றைக் கேட்டுக் கிரானைட்டுக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகள் இடம் பார்க்க வருவதாகத் தெரிந்ததும் ஊர் கூடியது. கோயில் என்றால் உடைக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பாறையில் சூலமுமில்லை, விளக்குமில்லை. அந்த ஆசிரியைக்குச் சொல்லியனுப்பலாமே என்றாள் அம்மா. அப்பா காதில் வாங்கவில்லை.

"வர்ற ஆபீசருக்குப் பாத்ததும் கோயில்னு தெரிய வேணாமா? இப்பிடிப் பாசி புடிச்சுக் கெடந்தா எவன் நம்புவான்?"

சுரண்டக் கூடாது என்ற அதே வாய்தான். கம்பி பிரஷால் தேய்த்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பெயின்ட் அடித்துச் சிவப்புப் பட்டையும் போட்டார்கள். எத்தனையோ தலைமுறையாகப் படர்ந்தது ஒரு பகலில் போயிற்று.

வந்த அதிகாரிகள் கோயிலென்று எழுதிக்கொண்டு போனார்கள்; பாறை தப்பியது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கிரானைட்டுக்காரன் அழித்திருந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்திருப்பான். சாமியென்று காட்டுவதற்காகச் சாமியையே சுரண்டிய எங்களை யார் திட்டுவது?

இப்போது குன்று இல்லை. குவாரிக் குழியின் விளிம்பில் பாறை மட்டும் லாரிப் புழுதியில் நிற்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா புது பெயின்ட் அடிக்கிறார்கள். மழைக்குப் பின் போனாலும் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் நாற்றம்தான்.

போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம். வழக்கப்படி பாறையைத் தொட்டாள். முந்தின நாள் அடித்த பெயின்ட் காயவில்லை. மூன்று விரலிலும் மஞ்சள்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, ஆத்தாவே பூசி உட்டுருக்கா" என்றார்.

நான் அவள் விரலைத் துடைக்க மண்ணெண்ணெய் தேடிப் போனேன்.