தலையாட்டிக்குச் சிரிப்பு வராது

ஈரச் சணல் சாக்கைத் தலையில் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? பழைய மாவு, மண்ணெண்ணெய், அதற்கு முன் அதை மாட்டியவனுடைய மூச்சு... எல்லாம் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். வில்லனை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த வாசம்தான் முதலில் வரும்.

"ஒங்க ஸ்பை த்ரில்லர்ல வில்லன் மேல கோவமே வரமாட்டேங்குதே, எப்படி எழுதுறீங்க?" என்று போன வாரம் ஒரு நண்பர் கமெண்ட் போட்டிருந்தார். அவருக்காகத்தான் இது.

பல வருஷத்துக்கு முன்பு எனக்குப் பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை. வீடு ஹாலிஎலவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. உளவாளி நாடகம். வில்லன் ஒரு தலையாட்டி.

வெளியூர் நண்பர்களுக்குச் சொல்கிறேன். இலங்கையில் சண்டைக் காலத்தில் ராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கும். பிடித்த ஆட்களை வரிசையாக நடக்க விடுவார்கள். ஜீப்பில் ஒருவன் சாக்கு மூடி உட்கார்ந்திருப்பான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. யாரைப் பார்த்து அவன் தலையாட்டுகிறானோ, அவனைக் கொண்டுபோய்விடுவார்கள்.

என் அண்ணனை அப்படித்தான் பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறக்கிக் கொண்டுபோனார்கள்.

அண்ணன் வரவே இல்லை.

தலையாட்டியவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஆத்திரத்தை எல்லாம் நாடகத்தில் கொட்டினேன். என் தலையாட்டி காசுக்காகத்தான் ஆட்டுவான். ஆட்டிவிட்டு சாக்குக்குள்ளிருந்து 'ஹா ஹா' என்று சிரிப்பான். வேறு காரணம் எதையும் நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க எனக்கு மனசும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோட்டத்து ஸ்கூலில் ரிஹர்சல். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது. தலையாட்டி வேஷம் என் கூட்டாளி முருகேசுக்கு. நாங்கள் வந்தபோது அவன் சாக்கு மூடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சரி, ஆரம்பிக்கலாம் என்று ஒவ்வொருவராக முன்னால் நடந்தோம். அண்ணன் பாத்திரம் எனக்கு.

நான் போகும்போது தலை ஆடியது. மெதுவாக, ஒரே தடவை.

சிரிப்பு மட்டும் வரவில்லை.

"சிரிடா முருகேசு," என்றேன்.

"சிரிக்கலயே தம்பி..." சாக்குக்குள்ளிருந்து வந்த குரல் முருகேசுடையது இல்லை. "ஒருத்தனக் காட்டு, ஒம் மகன விட்டுர்றோம்னாங்க. மொதப் பஸ்ஸப் போக விட்டேன். மகன அடிச்சாங்க. அடுத்த பஸ்ஸுல வந்தவன் மொகத்தப் பாக்கல. சட்டையத்தான் பாத்தேன். நீலச் சட்ட."

அண்ணன் அன்றைக்குப் போட்டிருந்தது நீலச் சட்டைதான். நாடகத்தில் அதை நான் எழுதவே இல்லை.

"என்னடா, நா வராமயே ஆரம்பிச்சுட்டீங்களா?"

வாசலில் முருகேசு, கையில் வடைப் பொட்டலத்தோடு நின்றான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினோம். மறுபடி பார்த்தபோது நாற்காலியில் சாக்கு மட்டும் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது, வெளியே ஒரே வெள்ளை. சாக்கை எடுத்தேன். உள்பக்கம் இன்னும் சூடாக இருந்தது.

அந்தக் குரல் எங்கள் லயத்துக் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்குப் போகிற வழியில் பெரட்டு. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நான் ஓரமாக நின்று ஒவ்வொரு ஆம்பிளையின் கண்ணையும் பார்த்துக்கொண்டே வந்தேன். இவரா... அவரா...

கங்காணி கவனித்துவிட்டார். "என்ன தம்பி, யாரத் தேடுற? ஆளச் சொல்லு, நா காட்டுறேன்."

சாக்கு ஒன்றுதான் குறை, மற்றபடி நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். "யாருமில்லீங்க," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த வாரமே நாடகத்தை மாற்றினேன். தலையாட்டிக்கு ஒரு மகன் வந்தான். 'ஹா ஹா' போய்விட்டது. திருவிழாவில் முருகேசு தலையாட்டியபோது, விசிலடிக்க வந்த கூட்டம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது.

அப்போதெல்லாம் முகத்தை மூடிய ஒருவனைக் கண்டால் ஊரே நடுங்கும். கொரோனா வந்தபோது ஊரே முகத்தை மூடிக்கொண்டது, மூடிய முகத்துக்கு யாரும் பயப்படவில்லை. எனக்கு மட்டும் பஸ்ஸில் ஏறினால் கண்கள்தான் தெரியும்.

அந்த நாட்களில் ஒருநாள், பதுளை பஸ் ஸ்டாண்டில் என் ஜன்னலுக்கு வெளியே மாஸ்க் போட்ட ஒரு வயதானவர் நின்றார். என்னையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். மெதுவாக, ஒரே தடவை. தெரிந்தவர்களைக் கண்டால் எல்லாரும் ஆட்டுவதுதான்.

எத்தனையோ வருஷம் நெஞ்சில் கிடந்த கேள்வி, பஸ் நகரும்போது வாயில் வந்துவிட்டது.

"ஒங்க மகன விட்டாங்களா?"

'யாரு, என்ன மகன்' என்று அவர் கேட்கவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலை ஆடவில்லை.