கட்டில் இருக்கிற வண்டியில் பெல்ட் எதுக்கு?

கேரவன் வாடகைத் தொழிலில் டீசலைவிட அதிகம் செலவாவது தொண்டைத் தண்ணிதான்.

புதுக்கோட்டையில் என் சித்தப்பா ஒரே ஒரு கேரவன் வைத்திருக்கிறார், ஓட்டுவதும் அவரே. உள்ளே கட்டில், அடுப்படி, பக்கவாட்டில் சோபா, முன்னால் பார்த்தபடி பெல்ட் வைத்த ஆறு சீட். எம்.ஏ. படிக்கிற நான் சனி, ஞாயிறில் கூடப் போகிறேன். வண்டி ஓடும்போது பிள்ளைகள் கட்டிலிலும் இல்லை, சோபாவிலும் இல்லை; சீட்டில், பெல்ட்டோடு. இது என் சட்டம். "இன்னொரு குடும்பம் ஒன்னால கோவிச்சுக்கிட்டா, நீ வீட்ல உக்காந்து படி" என்பது சித்தப்பா சட்டம். ஓடுகிற வண்டியில் ஒரு வாண்டை உட்கார வைக்கப் பாடுபட்ட அத்தனை பேரும் என் கட்சிக்கு வாருங்கள்.

ஆட்டுக்குட்டி

இலுப்பூர்க் குடும்பம். நாலு வயதுப் பயல் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தான். "வா தம்பி, பெல்ட்டைக் கட்டணும்" என்றேன். அவன் சும்மா இருந்தான், அம்மாவுக்குத்தான் சுருக்கென்றது. "கட்டிப்போட எம்புள்ள என்ன ஆட்டுக்குட்டியா?"

வண்டி நின்றாலும் உள்ளே குதிக்கிற பிள்ளை நிற்காது, நேரே முன்னால் பறக்கும் என்று விளக்கினேன். ஒன்றும் ஏறவில்லை. பிறகுதான் புரிந்தது, சிக்கல் பெல்ட்டில் இல்லை, சொல்லில். "சரிக்கா, கட்ட வேணாம். தம்பிக்கு பெல்ட் போட்டு விடுங்க" என்றேன். உடனே அவனைத் தூக்கி உட்கார வைத்து, கிளிக். "மொதல்லயே இப்புடிச் சொல்றதுக்கென்ன? கட்டுறது வேற, போடுறது வேற!"

தொட்டில்

கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம். வழியில் டீ குடித்துவிட்டு வண்டிக்குள் ஏறினால், பெட்டி வைக்கிற மேல்கம்பியில் சேலைத் தொட்டில்! எட்டு மாதக் குழந்தை உள்ளே தூங்குகிறது. பின்பக்கம் பார்த்தபடி மாட்டிய கைக்குழந்தைச் சீட் காலியாகக் கிடக்கிறது. கட்டியது குழந்தையின் அத்தை. "ஆட்டிவிடக்கூட ஆள் வேணாம். வண்டியே ஆட்டும். நீங்க எடுங்க" என்றார் பெருமையாக.

பேசிப் பலனில்லை என்று தெரிந்தது. குழந்தையோடு தாயைக் கீழே இறங்கச் சொல்லி, மற்றவர்களை பெல்ட் போட வைத்துவிட்டு, கோயிலுக்கு வாங்கிய தேங்காயைத் தொட்டிலில் போட்டேன். சித்தப்பாவை ஆளில்லாத மைதானத்தில் கொஞ்சம் ஓட்டிச் சட்டென்று பிரேக் அடிக்கச் சொன்னேன். தொட்டில் வீசிப் போய் அலமாரி முனையில் இடித்தது. சேலையிலிருந்து தேங்காய்த் தண்ணி சொட்டியது. சித்தப்பாவும் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார். அத்தைதான் முடிச்சை அவிழ்த்தார். "புள்ளைய அந்தச் சீட்டுலயே வைங்க. தேங்கா வேற வாங்கிக்கலாம்."

தாய்மாமன் மடி

திருவரங்குளம் பக்கம் ஒரு காதுகுத்து. சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன், ரெண்டு வயதுப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார். "இன்னிக்கு எம் மடிதான். சீட்டெல்லாம் வேணாம்."

"அந்த உரிமை காது குத்துறப்ப அண்ணே. இப்ப பாப்பாவுக்கு ஒரு சீட், ஒங்களுக்கு ஒரு சீட்."

"மாமன் பிடியைவிட ஒம் பெல்ட்டு பெருசா?"

"பிரேக் அடிச்சா மாமனே பறப்பீங்க. அப்ப யார் யாரைப் பிடிக்கிறது?"

உறவெல்லாம் சிரித்துவிட்டது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்ல நேரம் போகுது. ஓனர் நம்பரைக் குடும்மா, பேசிக்கிறேன்" என்று போனை எடுத்தார். நான் டிரைவர் சீட்டைக் கை காட்டினேன். வேலை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனாலும் பாப்பா சீட்டுக்குப் போகாமல் வண்டி நகரக் கூடாது என்று நின்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தம்பி, நீங்க சோபாவுல இருக்கிற வரைக்கும் இது வண்டியில்ல, வீடு. வீடு எங்கிட்டும் போகாது." நல்ல நேரம் தாண்டுவதற்குள் ரெண்டு கிளிக் கேட்டது.

ஆக, பிள்ளைகளுக்கு ஒரு பெல்ட் போதும். பெரியவர்களின் கௌரவத்துக்குத்தான் இன்னும் யாரும் ஒரு கொக்கி செய்யவில்லை.