நான் வாசித்துச் சொன்ன ஆறு எண்கள்

மாமாவின் கைப்பேசி சாப்பாட்டு மேசை மேல் சார்ஜில் கிடந்தது. அவர் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். என் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த தொலைபேசி நிறுவனத்துப் பெண், "அவர் நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் மேடம், அதை மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றாள். ஆறு எண்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். நான்காவது எண்ணுக்கு வரும்போது தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. மீதி இரண்டையும் அவசரமாகச் சொல்லி முடித்து, கைப்பேசியை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். திருடிப் பழக்கமில்லாதவள் என்பது அதிலேயே தெரியும். அவர் ஒருநாளும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கமாட்டார்.

மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. காரைக்கால் மின்துறையில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். சுரக்குடியில் வீடு, கொஞ்சம் நிலம். அத்தை காலமான பிறகு அவரைத் தனியாக விடக்கூடாது என்று நான் அங்கேயே தங்கினேன். என் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார், மாதம் இரண்டு தடவை வந்து போவார். மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் வாழக் கற்றுக்கொண்டோம். காலையில் அவர் காபி போடுவார், நான் பேப்பரை எடுத்து வருவேன். தலைப்புச் செய்திகளைப் பற்றி இருவரும் கொஞ்சம் சண்டை போடுவோம். அவரோடு சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும். தோற்றாலும் முகம் சுளிக்காத மனிதர் அவர்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தோற்கத் தயாராக இல்லை. அது கூடத்து மூலையில் இருந்த பழைய லேண்ட்லைன். மண்ணுக்கடியில் வந்த செம்புக் கம்பி இணைப்பு. எல்லோரும் கைப்பேசிக்கு மாறி எத்தனையோ காலம் ஆகியும் அவர் அதை விடவில்லை. காரணம் பழம்பெருமை அல்ல, தொழில். மின்சாரம் எப்போது போகும், எத்தனை நாள் வராது என்பதை எங்கள் ஊரில் அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. செம்புக் கம்பிப் போனுக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை, அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அதே கம்பியில் வந்துவிடும். புயல் அடித்தால் முதல் நாள் கரண்டு போகும். மறுநாள் டீசல் தீர்ந்து செல்போன் டவர்களும் படுத்துவிடும். அப்போது தெருவில் பேசும் ஒரே பொருள் எங்கள் வீட்டுப் போன்தான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பிரான்ஸிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். அவர்கள் எல்லோரிடமும் மாமாவின் எண் இருந்தது. புயல் செய்தியைப் பார்த்ததும் அந்த எண்ணுக்குத்தான் அடிப்பார்கள். மாமா நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். யார் கூப்பிட்டது, யாரை விசாரித்தது என்று காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொள்வார். மழை விட்ட நேரம் பார்த்துக் குடையோடு அந்த வீட்டுக்குப் போய்க் கையோடு ஆளைக் கூட்டி வருவார். அழைப்பு வரும்வரை அந்த ஆள் எங்கள் கூடத்தில் காபி குடித்தபடி காத்திருப்பார். நான் மருமகளாக வந்த வருடம் அப்படி ஒரு புயலைப் பார்த்தேன். நான்கு நாளும் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. எனக்குத்தான் காபி போட்டுக் கை ஓய்ந்தது.

தொலைபேசி நிறுவனம் செம்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை ஃபைபர் போட முடிவு செய்ததும் நச்சரிப்பு ஆரம்பமானது. வாரம் இரண்டு அழைப்பு, பிறகு தினம் ஒன்று, அதுவும் அவர் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து. இலவச மோடம் என்றார்கள். அதே எண், அதே போன், எதுவும் மாறாது என்றார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று குறுஞ்செய்தியும் வந்தது. உங்கள் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான் பாக்கி என்று ஒரு பையன் குழைந்தான். மாமா எல்லோருக்கும் ஒரே பதிலைப் பொறுமையாகச் சொன்னார்.

"தம்பி, நான் முப்பது வருஷம் கம்பம் ஏறுனவன். கம்பத்து மேல போற எதையும் புயல்ல நம்பமாட்டேன். மண்ணுக்கடியில கொண்டாந்து குடுங்க, நாளைக்கே மாத்திக்கறேன்."

ஃபைபர் கம்பி எங்கள் ஊருக்குக் கம்பம் வழியாகத்தான் வந்தது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. கல்யாணமாகி வந்தபோது கல்லூரி வேலையை விட்டவள் நான். திரும்பவும் என் பெயரில் என்னிடம் வந்த ஒரே பொருள் அந்த வேலை. அந்தச் செம்புக் கம்பியில் இணையம் நொண்டியடிக்கும். மழை தூறினால் படுத்துவிடும். பாதி வாய் திறந்தபடி நான் உறைந்து நிற்பதைப் படம் பிடித்து ஒரு பிள்ளை வகுப்புக் குழுவில் போட்டது. சிரித்துவிட்டேன். ஆனால் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தபோது சிரிக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் இணைப்பைச் சரிசெய்யாவிட்டால் வகுப்புகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாமாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். எனக்காகத் தெருவையே விட்டுக்கொடுத்தார் என்ற கடனைச் சுமக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த ஆறு எண்களை வாசித்தேன். கேட்காமல் எடுத்தால் கடன் இல்லை என்று நினைத்த மூளையை என்ன சொல்ல.

நான்காம் நாள் இரண்டு பேர் கம்பிச் சுருளோடு வந்து இறங்கினார்கள். நான் கேட்கவில்லையே என்றார் மாமா. உங்கள் எண்ணிலிருந்துதான் ஒப்புதல் வந்திருக்கிறது சார் என்று காட்டினார்கள். அவர் அதைப் படித்தார். ஒப்புதல் வந்த நேரத்தையும் பார்த்திருக்க வேண்டும், அவர் குளிக்கும் நேரம். என் பக்கம் திரும்பினார். நான் சட்டென்று டீ போடப் போனேன். அடுப்பைப் பற்றவைக்கவே தோன்றாமல் நின்றுகொண்டிருந்தபோது, "சரி, போடுங்க" என்று அவர் சொல்வது கேட்டது. அவ்வளவுதான். அன்றும் மறுநாளும் அவர் காபி போட்டார், நான் பேப்பர் எடுத்து வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் காரைக்காலுக்குப் போய் ஒரு பேட்டரி வாங்கி வந்தார். இன்வெர்ட்டர் இரண்டு நாள்கூடத் தாங்காது என்று கணக்குப் போட்டு, மோடத்துக்கு மட்டும் தனியாக அதை இணைத்தார். ஒரு வாரம் தாங்கும் என்றார். என் வகுப்புகள் அருமையாக நடந்தன. நான் ஒரு தடவைகூட உறையவில்லை. செய்தது தப்பில்லை என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

ஐப்பசி கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தது. எதிர்வீட்டு அக்கா படலைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய ஒரே மகள் பிரான்ஸில் இருந்தாள், ஏழாவது மாதம். முந்தின வாரம் உடம்பு சரியில்லை என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். "அண்ணே, டவர் போயிட்டா அவ இங்கதான் அடிப்பா. ஒங்க போன் பேசும்ல?" என்று கேட்டார். மாமா கூடத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு, பேட்டரி வைத்திருக்கிறேன், பேசும் என்று சொன்னார்.

புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது வாய்க்கால் ஓரத்து மரம் சாய்ந்து மூன்று கம்பங்களைப் படுக்க வைத்திருந்தது. மாமாவின் பேட்டரி நன்றாகத்தான் வேலை செய்தது. மோடத்துக்கு உயிர் இருந்தது, ஆனால் அதில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தால் ஒன்றுமில்லை, கைப்பேசிகளுக்கும் டவர் இல்லை. அக்கா காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமா மழையிலேயே வாய்க்கால் வரைக்கும் நடந்து போய், அறுந்த கம்பியைப் பார்த்துவிட்டு வந்தார். மின்கம்பி என்றால் அவரே ஏறி இணைத்திருப்பார். இது கண்ணாடி இழை, கையால் முறுக்கிச் சேர்க்க முடியாது. அந்த எழுபது வயதில் அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மதியம் டவர் திரும்பியிருந்த காரைக்காலிலிருந்து அக்காவின் தம்பி மகன் சைக்கிளில் சேதி கொண்டுவந்தான். மகளுக்கு முன்கூட்டியே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை தங்கவில்லை. இரண்டு நாளாக அந்தப் பெண் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எங்கள் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அக்கா எங்கள் வாசலில் நின்று கேட்டதை என்னால் மறக்க முடியாது. "யாருண்ணே அந்த ஒயர மாத்துனது? எம்புள்ள அழுவுறப்ப ஒரு வார்த்தை சொல்ல முடியாம பண்ணிட்டீங்களே."

தெருவே நின்றது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"நாந்தாம்மா மாத்துனேன். பேசும்னு சொன்னதும் நாந்தான்."

அதன் பிறகு அக்கா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எங்கள் வாசலைப் பார்த்துக் கோலம் போடுவதைக்கூட விட்டுவிட்டு முதுகு காட்டியபடி போட்டார். மாமா தெருவில் அவரைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பார். முன்பெல்லாம் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, ஃப்யூஸ் போய்விட்டது என்று அவரைக் கூப்பிட்ட வீடுகளில் பாதி, கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. யாரும் சண்டை போடவில்லை. பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். ஒரு மாலை பொறுக்கமுடியாமல், மாமா, நான் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

"நீ இந்தத் தெருவுல இன்னும் நாப்பது வருஷம் இருக்கணும்மா. நான் இருக்கப்போறது கொஞ்ச நாள். வுடு."

நானும் விட்டுவிட்டேன். அவர் பேச்சைத் தட்டக்கூடாது என்பதற்காக அல்ல, எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இத்தனை காலம் கழித்தாவது இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

போன தை மாதம் மாமா காலமானார். எடுக்கும் அன்று அக்கா தன் வாசலிலேயே நின்று கும்பிட்டார், தெருவைத் தாண்டி வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, நானே எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். மாமாவின் கைப்பேசியை எடுத்தது, எண்களை வாசித்தது, அவர் தெரிந்தும் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டது, எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட நினைக்கிறேன்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார்.

"அவரு இருக்கயிலயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "நான் வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிருப்பேனே."