ஜூடி பார்க்காத ரோஜா

என் மனைவியின் தம்பி நோயலைப் போல ஒரு பைத்தியக்காரன் ராயபுரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். அப்படிப்பட்டவன் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? நெபுலாவைப் படம் எடுத்துக் கலர் கொண்டுவருவது! நெபுலா என்றால் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கிற மேகம். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் லாரி ஓட்டுகிற எனக்கே இதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, அவன் பேசிப் பேசி.

அவன் அப்பா ரயில்வேக்காரர். இவனும் ரயில் ஓட்டத்தான் ஆசைப்பட்டான். எழுத்துத் தேர்வில் பாஸ். கண் டெஸ்டில் புள்ளி புள்ளியாக ஒரு படத்தை நீட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். இவனுக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது. இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி எண்களைச் சரிபார்க்கிறான். அதற்குக் கலர் தேவையில்லை.

மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கிறான். துறைமுகத்து விளக்கும் எண்ணூர்ப் புகையும் சேர்ந்து வானத்தைக் கெடுத்து வைத்திருக்கிற ஊர் இது. ஒற்றைப் படத்தில் ஒன்றும் விழாது. நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மேகம் மெல்லத் தலைகாட்டும். அதுவரைக்கும் நோயல் ராஜா. கலர் என்று வந்துவிட்டால் அக்கா வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் மனைவி ஜூடி நேராக அம்மா வீட்டுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எனக்குச் சோறு எப்போது என்று கேட்டால் காதிலேயே விழாது. அவன் மவுஸை நகர்த்திக் கலரை மாற்றுவான், இவள் திட்டுவாள்.

“இன்னாடா இது, பாசி புடிச்ச தொட்டி மாரி கீது! இன்னும் தள்ளு. ஆங்... இப்பதான் வஞ்சிரக் கொழம்பு. நிறுத்துடா கய்தே!”

எங்கள் கல்யாண ரிசப்ஷனில் மேடையில் நிற்கும்போதுகூட அவன் காதில் எதையோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளை நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். அக்கா தம்பி விஷயத்தில் நான் எப்போதும் வெளியாள்தான்.

போன குளிர்காலத்தில் நோயல் எடுத்தது, ரோஜா போலவே இதழ் விரித்த ஒரு நெபுலா. அடுக்கி முடிக்க ஜூலை ஆகிவிட்டது.

“செக்கச்செவேல்னு இருக்குமாம்க்கா. வந்து ஒக்காரு,” என்று கெஞ்சினான்.

“மாதா கோயில் கொடியேத்தம் முடியட்டும்டா,” என்றாள் ஜூடி.

கொடியேறுவதற்கு முன்பே டெங்கு வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. பாவி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

நோயல் லேப்டாப்பைத் தொடவே இல்லை. அக்டோபரில் ஒருநாள் வந்து நின்றான். “கல்லறைத் திருநாளுக்கு அக்காவுக்கு ரோஜா வெக்கப்போறேன் மாமா. அது பாக்காம போன ரோஜா. செவப்பா வெக்கணும்.”

“கொண்டா, நான் பாத்து சொல்றேன்.”

“வேணாம் மாமா. அக்கா எங்க நிறுத்தச் சொல்லும்னு என் கைக்குத் தெரியும்.”

கல்லறைத் திருநாள் சாயங்காலம் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும். நோயல் ஃப்ரேமைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்தான். அட கடவுளே! ரோஜா முழுக்கப் பச்சை. ஜூடி வழக்கமாக நிறுத்தச் சொல்லும் இடத்திலேயே நிறுத்தியிருக்கிறான். ஒவ்வொரு படத்துக்கும் அந்த இடம் மாறும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பார்த்துச் சொன்னது அவளல்லவா.

“இன்னா நைனா, ரோஜான்னு சொல்லிட்டு...” என்று ஆரம்பித்தாள் என் அம்மா சிலுவையம்மாள். அவள் காலை நறுக்கென்று மிதித்தேன்.

“செவப்பா வந்துகீதா மாமா?”

“சூப்பரா கீதுடா.”

“இன்னா மாரி செவப்பு? அக்கா சொல்ற மாரி சொல்லேன்.”

எனக்கு அந்த வித்தையெல்லாம் வராது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் தானாக வந்தது. “ரிசப்ஷன்ல உங்கக்கா கட்டிகினு நின்னாளே, அந்தப் பொடவ மாரி.”

நோயல் என்னையே பார்த்தான்.

“அது கிளிப்பச்ச மாமா. அன்னிக்கு மேடையில அக்கா என் காதுல சொல்லிச்சு. ‘கிளிப்பச்சடா, உங்க மாமா செலக்‌ஷன், சிரிச்சிடாத’ன்னு.”

பச்சை என்று தெரிந்தபிறகும் அவன் படத்தைத் திரும்பச் சுற்றவில்லை. ஜூடியின் சிலுவையடியில் சாய்த்து வைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றப் பார்த்தான். தீக்குச்சி அணைந்து அணைந்து போனது.

“இனிமே எனக்கு யாரு மாமா சொல்லுவா?” என்றான். இன்னொரு குச்சியைக் கிழித்தபடி, “திட்டு மாமா. அக்கா இருந்தா திட்டியிருக்கும்.”

“இன்னாடா இது...” என்று தொடங்கினேன். “பாசி புடிச்ச...”

அதற்குமேல் வரவில்லை. கூட்டம் என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் ஓவென்று அழுதோம்.