பின்பக்கம் தூக்கிய வண்டி

சிறுமலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் முன்கண்ணாடியில் திண்டுக்கல் தெரிய வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பாறை. பாசி பிடித்து மழைநீர் வழிந்துகொண்டிருந்த பாறை, மூக்குக்கு நேராக. ஊர் எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. வண்டி எப்போது சுற்றியது, எப்படி நின்றது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் ரோட்டோரத் தடுப்புச் சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. அது விழுந்து, உருண்டு, மறுபடியும் விழுந்து, போய்க்கொண்டே இருந்தது. ரேடியோவில் யாரோ ஒருத்தி சிரித்துச் சிரித்து நகைக்கடை விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது என் மனைவி.

"கதவத் திறக்காதீங்க," என்றாள். "என் பக்கமா நகந்து வாங்க. மெதுவா."

நான் என் பக்கத்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ரோடு இல்லை.

இது நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இன்றும் வீட்டில் யாராவது ஒரு தட்டைத் தவற விட்டால் எனக்கு அந்தக் கல் உருளுகிற சத்தம்தான் கேட்கிறது.

மலையில் எங்களுக்கு ஒரு வாழைத் தோட்டம் உண்டு. அண்ணனுக்கும் எனக்கும் பொதுவானது. குடியிருப்பது கீழே, திண்டுக்கல்லை ஒட்டிய ஊரில். வாழைத்தாரை வெட்டிக் கீழே கொண்டுவர வாடகை வண்டிக்காரர்களிடம் கெஞ்சி அலுத்துப்போய், பழைய பிக்கப் ஒன்றை வாங்கினோம். எனக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது; கிளட்ச் மிதிக்க முடியாது. அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதை ஒத்துக்கொள்ளவும் தெரியாது. ஆகவே என் மனைவி திண்டுக்கல்லுக்குப் போய் டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, மூன்றே மாதத்தில் மலைப்பாதையின் வளைவுகளை எண்ணாமல் ஏறி இறங்க ஆரம்பித்தாள். ஊரில் சிலர் வாய் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் அவள் இம்புட்டுச் சந்தோஷமாக இருந்து நான் கண்டதில்லை. காலையில் சாவியை எடுக்கும்போதே முகம் மாறிவிடும்.

தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகிற மண்பாதைதான் எங்களுக்கு எமன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியென்றால் கவலையில்லை. எங்களுடையது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. மழை பெய்தால் பாதிப் பாதையில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், வண்டி நகராது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்க நம்மிடம் ஏது? இருக்கிறதை வைத்துச் சரிசெய்வோம் என்று நான்தான் இறங்கினேன். எனக்கு அதில் ஒரு கர்வம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்சக்கரத்துக்கு, சேற்றைக் கவ்வுகிற மாதிரி பெரிய பட்டன் பட்டனாக ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்த டயர் போட்டேன். ஏறும்போது பின்னால் பாரம் வேண்டும் என்பதற்காகப் பத்து மூட்டை மணல் ஏற்றிக்கொள்வோம். தோட்டத்தில் அந்த மணலைச் சேறான இடத்தில் கொட்டிவிட்டு, காலி இடத்தில் தாரை அடுக்கிக்கொண்டு இறங்குவோம். வண்டிக்குப் பிடிப்பும் ஆச்சு, பாதைக்கு மணலும் ஆச்சு. இந்த யோசனையை நான் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அப்புறம் பாதை நடுவே துருத்திக்கொண்டிருக்கும் கல் அடியில் இடிக்காமல் இருக்க, பின்பக்கத்தைத் தூக்க நினைத்தேன்.

பேகம்பூரில் ஒரு பாய் பட்டறை வைத்திருக்கிறார். இரும்புக்கடையில் நானே பொறுக்கி எடுத்த இரண்டு ஸ்பிரிங் பட்டைகளை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் போட்டுக் கொடுத்தார். வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்து நின்றது. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். புது வண்டி வாங்கின மாதிரி இருந்தது.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, அடியில ஒரு கம்பி இருக்கு. லோடு பாக்குற கம்பி. வண்டியத் தூக்குனதுல அச்சுக்கு எட்டல, கழட்டித் தொங்க விட்டுருக்கேன். நாளைக்கு ஒரு நேரம் கொண்டாங்க. ஒரு தகடு அடிச்சு நீட்டி, அளவு பாத்து மாட்டித் தாரேன்."

"லோடு பாக்கத்தான் நான் இருக்கேனே பாய்," என்று சிரித்தேன்.

"வெளையாடாதீங்கண்ணே. கண்டிப்பா வாங்க."

போகவில்லை. மறுநாள் லோடு இருந்தது, அதற்கு மறுநாள் கல்யாணம் ஒன்று இருந்தது. அப்புறம் மறந்தே போனது என்று சொன்னால் அது பொய். அந்தக் கம்பி மறக்க விடவில்லை. ஒவ்வொரு குழியிலும் வண்டி அமுங்கும்போது அச்சில் மோதி டங் டங்கென்று அடித்தது. நாலாம் நாள் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. தோட்டத்தில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

வாழைத் தோட்டக்காரன் கை எதற்குப் போகும்? எங்களுக்கு நாருக்குப் பஞ்சமில்லை. சாய்ந்த மரத்துக்கும் நார், கிழிந்த செருப்புக்கும் நார், வேலிப் படலுக்கும் நார். பிறந்ததிலிருந்து உடைந்ததையும் தொங்கினதையும் நாரால்தான் கட்டியிருக்கிறோம். நாரை நனைத்து, மூன்றாக முறுக்கி, அந்தக் கம்பியை மேலே தூக்கிச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். எங்கள் அப்பா போடுகிற முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு உள்வாங்கு, நுனியை மடக்கிச் செருகல். காய்ந்தால் கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும். பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று அந்தக் கம்பி கிளம்புகிற இரும்புப் பெட்டிக்குள் போவதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். என்ன குழாய் என்று யோசிக்கவில்லை.

சத்தம் நின்றது. நான் ஜெயித்தது போல எழுந்து உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவள் சொன்னாள்: "காலி வண்டியில பிரேக்க மிதிச்சா ஒருமாதிரி இருக்குங்க. பின்னாடி முந்தானையப் பிடிச்சு யாரோ இழுக்கற மாதிரி."

"புதுப் பட்டை. செட் ஆகணும்," என்றேன்.

இரண்டாம் முறையும் சொன்னாள். மழை பெய்த அன்று பின்பக்கம் லேசாக ஒதுங்கியதாகச் சொன்னாள். "நீ மிதிக்கிற மிதி அப்படி," என்றேன். அவள் அப்புறம் சொல்லவில்லை.

அந்த நாளில் மழை விடாமல் பெய்தது. மணலோடு ஏறினோம், மணலைக் கொட்டினோம். தார் வெட்ட ஆள் வரவில்லை. மூன்றே மூன்று தாரோடு, கிட்டத்தட்டக் காலி வண்டியாக இறங்கினோம். கீழிருந்து ஒரு பஸ் வளைவில் அகலமாகத் திரும்பியது. அவள் பிரேக்கை மிதித்தாள். பதறி மிதிக்கவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், எப்போதும் போலத்தான் மிதித்தாள். அடுத்து நான் பார்த்தது பாறை. பின்பக்கம் தடுப்புச் சுவரை இடித்து, என் பக்கம் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு வண்டி நின்றிருந்தது.

இறங்கினதும் அவள் முதலில் செய்தது, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கி வந்து, மழையில் முட்டி போட்டுக் குனிந்து, பின்சக்கரத்துக்கு அடைகொடுத்ததுதான். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "ஏன்டி, அப்படியா மிதிப்பாங்க பிரேக்க?"

அவள் எழுந்து, சேலையில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் வந்தவர்கள் கயிறு போட்டு வண்டியை ரோட்டுக்கு இழுத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸிலிருந்த ஒருவர் அந்த வளைவு தாண்டும்வரை முன்னால் நடந்து வழிகாட்ட, அவளேதான் முதல் கியரில், நடக்கிற வேகத்தில் கீழே கொண்டுவந்தாள்.

அண்ணன் வாசலிலேயே நின்றார். "ஏலே, நான் அன்னைக்கே சொன்னேன்ல? பொம்பள கையில மலை வண்டியக் குடுக்காதன்னு. செத்திருந்தா என்னலே பண்ணுவ? சாவிய வாங்கு. திங்கக்கிழம சித்தையன்கோட்டையிலருந்து டிரைவர் ஒருத்தன் வருவான். இனி அவன் ஓட்டட்டும்."

நான் கையை நீட்டினேன். அவள் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை, நசுங்கிய பின்கதவைச் சரிபண்ண அண்ணனின் நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லி வண்டியைப் பாய் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பாய் கதவைத் தொடவே இல்லை. நேராக அடியில் படுத்தார். பிறகு அடியிலிருந்தே குரல் வந்தது.

"யா அல்லா. இத யாருண்ணே கட்டுனது?"

குனிந்து பார்த்தேன். சேறு அப்பிய என் முடிச்சு.

அவர் வெளியே வந்து, கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார்: "பின் பிரேக்கு எம்புட்டுப் பிடிக்கணும்னு சொல்றதே இந்தக் கம்பிதான். லோடு ஏறுனா பாடி எறங்கும், கம்பி மேல போகும், அப்பத்தான் பின் பிரேக்கு முழுசாப் பிடிக்கணும். காலி வண்டின்னா கம்பி கீழ நிக்கும், பின் பிரேக்கக் கொஞ்சமாத்தான் விடும். இதத் தூக்கிக் கட்டிட்டா, வண்டி நெறைய லோடு இருக்குன்னு அது நெனச்சுக்கும். காலி வண்டியில, ஈர ரோட்டுல மிதிச்சா பின்சக்கரம் ரெண்டும் அப்படியே நின்னுரும். யாரு ஓட்டுனாலும் வண்டி சுத்தத்தான் செய்யும். தொங்கட்டும்னு விட்டிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது அண்ணே. சத்தம்தான் வந்திருக்கும்."

எங்களைக் கொல்லப் பார்த்தது மழையில்லை, பஸ் இல்லை, அவள் கால் இல்லை. என் கை. சத்தம் பொறுக்காமல், நாலு நிமிஷத்தில், சாக்கில் படுத்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

"யாரு கட்டுனதுண்ணே?" பாய் மறுபடியும் கேட்டார்.

"தெரியல பாய்," என்றேன்.

அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்ததை என்னால் இப்போதும் நம்ப முடியவில்லை. அவர் கத்தியால் நாரை அறுத்து எறிந்தார். அவர் பார்க்காதபோது அதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அன்றும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் ஆயுசுக்கும் அதையே சொல்லிக்காட்டுவார் என்று பயம். பஸ்ஸில் இருந்தவர்கள் முன்னால் அவளைத் திட்டினேனே என்று கூச்சம். அவள் சோறு போட்டாள், வெஞ்சனம் வைத்தாள், வண்டி நிற்கிற பக்கம் மட்டும் திரும்பவில்லை. சாவி தொங்குகிற ஆணி காலியாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் டிரைவர் வந்துவிட்டார். அண்ணன் அவரிடம் பெருமையாக, "லேடீஸ் ஓட்டி இடிச்சுப்போட்டாங்க, வண்டி நல்ல வண்டிதான் தம்பி," என்றார். அவள் முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. தலை நிமிரவில்லை.

நான் சட்டைப்பையிலிருந்து நாரை எடுத்து அண்ணன் முன்னால் திண்டின்மேல் வைத்தேன்.

"பிரேக்குக் கம்பிய நான்தான் இதால தூக்கிக் கட்டுனேன். பாய் மாட்டித் தாரேன்னு சொன்னார், போகல. அதனாலதான் வண்டி சுத்துச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ ரெண்டு தடவ சொன்னா. நான் கேக்கல."

அண்ணன் நாரை எடுத்துப் பார்த்தார். அப்பாவின் முடிச்சு அவருக்கும் தெரியும். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்து, சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட மாதிரி "அப்பு..." என்றார். நாரைத் திண்டின்மேலேயே திருப்பி வைத்தார். டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் அவளிடம் போய்ச் சாவியை நீட்டினேன். அவள் கையை அலம்பி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கல்லு வைக்கக் குனிஞ்சப்ப பாத்தேன். பிரேக்குக் குழா போற எடத்துல உங்க முடிச்சு. இருவது வருசமா பாக்குறேன், தெரியாதா?"

"பெறகு ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா, தப்பிக்கறதுக்குச் சொல்றான்னு சொல்லிருப்பாக. நீங்கதான் சொல்லணும்னு இருந்தேன். மூணு நாளு." சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாமயே விட்டுருவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன். அந்த வளைவுல கூட அம்புட்டுப் பயம் வரல."

பாய் தகடு அடித்துக் கம்பியை அளவாக மாட்டிக் கொடுத்தார். நான் அவரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பட்டன் டயரும் மணல் மூட்டையும் இன்றைக்கும் உண்டு. வண்டி மழையிலும் தோட்டம் வரை போகிறது. அவள்தான் ஓட்டுகிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும், கிளம்புவதற்கு முன், பின்பக்கம் போய் முட்டி போட்டுக் குனிந்து அடியில் ஒரு பார்வை பார்க்கிறாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லியும் பார்த்திருக்கிறேன். அவள் பார்த்து முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறாள்.