செருப்புக்கு அடியில் ஒரு தடம்

அன்று மலைக்குப் போனது நாலு பேர். அப்பா. மாமா, அதாவது அம்மாவுடைய தம்பி. மாவ்பி ஊரிலிருந்து வந்த ஒருவர். அப்புறம் நான், ஒன்பது வயதுப் பெண்.

மாவ்பிக்காரர் அத்தையைப் பெண் கேட்டு வந்தவர். மூங்கில் வியாபாரம். பேச்சு நடந்தபோது தனக்குக் காடு தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா எங்கள் ஊர் தாமுவேயில் லைன்கார் என்கிற சின்ன பஸ் ஓட்டினார். ஏறுகிறவர் கொடுக்கிற நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கண்டக்டரை அதைவிடக் கூர்ந்து பார்ப்பார். தங்கச்சியைக் கட்ட வந்தவரைச் சும்மா விடுவாரா. மழை விட்டதும் வருசா வருசம் வடக்கே மலையில் கடமான் வேட்டைக்குப் போவார். துப்பாக்கி எடுத்துப் போவதற்கு முன்னால் ஒரு தடவை வெறுங்கையோடு ஏறித் தடம் பார்த்து வருவது வழக்கம். அதற்கு மாவ்பிக்காரரைக் கூப்பிட்டார். சொன்னது பொய்யா நிஜமா என்று மேட்டில் தெரிந்துவிடும் என்றார்.

என்னை அனுப்பியது அத்தை. எல்லாத்தையும் பாரு, வாயைத் திறக்காதே, வந்து என்கிட்ட மட்டும் சொல்லு என்றாள். அந்த ஆள் மேல் அவளுக்கு முழு நம்பிக்கை இல்லை. அப்பா மேலும் இல்லை. முன்னால் பெண் கேட்டு வந்த ஒருவரை, மலையேறும்போது காலில் கொப்புளம் வந்தது என்பதற்காகவே அப்பா தள்ளியிருந்தார்.

ஏறும்போது மாமா வாயை மூடவில்லை.

“மாப்ளே, தடம் படிக்கத் தெரியுமா, பஸ் போர்டு மட்டுந்தானா?”

“ரெண்டும் கொஞ்சம்” என்றார் அவர்.

வழியில் ஒரு மரத்தைக் காட்டினார். கொம்பு தேய்த்த மரம், பட்டை காய்ந்திருக்கிறது, பழசு என்றார். அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. பன்றி கிளறின இடத்தைக் காட்டினார். அதுவும் சரி. சரியாகச் சொல்லச் சொல்ல அப்பாவுக்குச் சந்தேகம் கூடியது. யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று மாமாவிடம் முணுமுணுத்தார்.

ஓர் இடத்தில் உட்கார்ந்து சோறும் ஙாப்பி மீன் விழுதும் தின்றோம். மாமா சொன்னார், கன்றோடு இருக்கிற பெட்டை கிடைத்தால் நல்லது, கன்றை விட்டு ஓடாது, அடிக்கச் சுலபம் என்று. அப்பா தலையாட்டினார். மாவ்பிக்காரர் மீதிச் சோற்றை அப்படியே இலையில் மடித்து வைத்தார். எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அத்தையிடம் சொல்ல அதையும் மனசில் வைத்துக்கொண்டேன்.

மேட்டில் மூங்கில் நிழலில் ஓர் ஊற்று. சுற்றி ஈரமண். அவர்தான் முன்னால் போனார், பின்னாலேயே நான். பெரிய குளம்புத் தடம் இருந்தது. ஓரம் உடையவில்லை, உள்ளே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே சின்னத் தடமும் போனது. என் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வைத்த அளவு. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செருப்பால் சின்னத் தடம் ஒன்றைத் தேய்த்தார், அடுத்ததைத் தேய்த்தார். அப்பா வந்துவிட்டார். மாவ்பிக்காரர் கடைசிச் சின்னத் தடத்தின் மேல் அப்படியே நின்றுகொண்டார்.

“பழசுண்ணே. மூணு நாள் இருக்கும். தாண்டிப் போயிருச்சு.”

அப்பா குந்தினார். பக்கத்தில் கிடந்த புழுக்கையைப் புறங்கையில் வைத்துப் பார்த்தார்.

“சுடுதே.”

“வெயில்ல கிடந்திருக்கும்ணே.”

“இங்க ஏதுய்யா வெயிலு?” என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. “தெரியாம சொன்னா இவன் புளுகன். தெரிஞ்சு சொன்னா நாளைக்கு ஆள் கூட்டிட்டு வந்து அடிக்கப் பார்க்கிற திருடன். எப்படியும் பொண்ணு கிடையாது.”

மாவ்பிக்காரர் காலை எடுக்கவில்லை. நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் துப்பாக்கியோடு போனார்கள். அந்த மேட்டில் ஒன்றும் இல்லை. அதற்கும் அவரைத்தான் திட்டினார்கள்.

ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கே அத்தை என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் சொன்னேன். மடித்து வைத்த சோறு, சின்னத் தடம், செருப்பு. அந்த ஆள் வேண்டாம், திருடன் என்றும் சொன்னேன்.

“எவ்வளவு சின்னது?”

கட்டைவிரல்களைச் சேர்த்துக் காட்டினேன்.

“பெரிய தடத்த விட்டு விலகிப் போச்சா?”

“ஒட்டிக்கிட்டேதான் போச்சு.”

“சோறு திங்கையில மாமா என்ன பேசினான்?”

அதையும் சொன்னேன். அத்தை என் விரல்களைப் பிடித்தபடி நின்றாள். பிறகு போய் உலையில் அரிசி போட்டாள். அந்த வாரமே அப்பாவிடம், கட்டினால் அவரைத்தான் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்பா வந்தார், சாப்பிடவில்லை.

எனக்கு அத்தை மேல் கோபம். வேவு பார்க்க அனுப்பிவிட்டு நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்று நினைத்தேன். அவள் கல்யாணமாகி மாவ்பிக்குப் போய்ப் பல மாதம் வரை நான் அவளோடு பேசவில்லை.

அன்று அந்த மேட்டில் இருந்தது ஒரு மான் என்றுதான் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். அத்தை என் கட்டைவிரல்களைப் பார்த்தே எண்ணிவிட்டாள். நேரில் பார்த்த எனக்கு எண்ணத் தெரியவில்லை.

தாயும் கன்றுமாக இரண்டு.